இடது கையில் மூன்று ஊசி

துறைமுக யார்டு,
28 ஏப்ரல் 1985

தம்பி மிலிசாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? இந்த உறையில் இரண்டு தாள் இருக்கும். பெரிய தாளை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. இந்தச் சின்னத் தாள் உனக்கு மட்டும்.

சாம்பியா போவது முடிவாகிவிட்டது. ஜூன் நடுவில் விமானம், இரண்டு வருஷ ஒப்பந்தம். என்னைக் காடு வெட்டும் குழுவில் போட்டிருக்கிறார்கள். சாலை போடுகிறவர்களுக்கு முன்னால் புல்டோசரோடு போகிற குழு அது. அதனால் எங்களுக்கு மட்டும் கூடுதலாக வெறிநாய்க்கடி ஊசி. ஒரு வியாழன், அடுத்த வியாழன், பிறகு மூன்று வாரம் கழித்து இன்னொரு வியாழன். ஆக மொத்தம் மூன்று.

என் லட்சணம் உனக்குத் தெரியாததா? பட்டாளத்தில் சேர்ந்த அன்று ஊசியைப் பார்த்து நான் சரிந்து விழுந்ததை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. போன வாரம் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கும் விழுந்தேன். நல்லவேளை, அறையில் யாரும் இல்லை. இந்த மூன்றையும் இங்கே வரிசையில் நிற்க வைத்துப் போடுகிறார்கள். எனக்குப் பின்னால் நிற்கப் போகிறவர்களோடுதான் இரண்டு வருஷம் ஒரே கூடாரத்தில் படுக்க வேண்டும். நூறு கிலோ ஆள் அவர்கள் காலடியில் விழுந்து கிடந்தால் அப்புறம் என்ன மரியாதை?

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்கிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். ஊசிக்கு முத்திரை போடுகிற மஞ்சள் புத்தகத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் போட்டோ கிடையாது. நீ வேலை செய்கிற மரத் தொழிற்சாலைக்கு எதிரேதானே ஆஸ்பத்திரி இருக்கிறது. என் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து போ, சட்டையை மடி, முத்திரை வாங்கிக்கொண்டு வா. சின்ன வயசில் உனக்காக நான் எத்தனை அடி வாங்கியிருக்கிறேன், அதற்கு இது சரியாகப் போகும். நாய் என்னை என்ன செய்துவிடும், நான் பூராப் பொழுதும் புல்டோசர் மேல் உட்கார்ந்திருக்கிறவன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
ஓப்ரென்


யாசெனிக்,
7 ஜூன் 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் கண் அப்படியேதான் இருக்கிறது. ஆளை அடையாளம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள். என் உடம்பைக் கேட்க வேண்டியவன் நீ. இடது கை மூன்று முறை வீங்கி மூன்று முறை வற்றிவிட்டது.

நேற்று மூன்றாவதும் முடிந்தது. புத்தகத்தில் மூன்று முத்திரையும் இருக்கிறது, சரிபார்த்துக்கொள். ஊசி போட்டவள் தோப்ரிலா என்று ஒரு நர்ஸ். முகத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே "ஓப்ரென்" என்று கூப்பிட்டாள், நானும் "இருக்கேன்" என்று எழுந்து போனேன். இரண்டாவது வியாழன் நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது வியாழன் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "ஆப்பிரிக்கா போயிட்டா எங்களையெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போவுது?" என்றாள். நான் எங்கே போகப் போகிறேன், எதிர்ப்பக்கம் மரம் அறுக்கப் போகிறேன். அதை அவளிடம் சொல்ல முடியாதே, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்துவிட்டேன். உன்னால் வந்த வினை.

போய்ச் சேர்ந்ததும் எழுது.

தம்பி
மிலிசாவ்


சாம்பியா முகாம்,
14 ஜூலை 1985

மிலிசாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே எல்லாம் சிவப்புத் தூசி, சூப்பில்கூட மிதக்கிறது. மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை. நீங்கள் இருவரும் நன்றாக இருக்கிறீர்களா?

முகாம் டாக்டர் நேவென்கா என்று நம் நாட்டு அம்மாள். வந்த மூன்றாம் நாள் எல்லோருடைய மஞ்சள் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார். துறைமுகத்தில் ஊசி போட்டுக்கொண்ட வீரர்களெல்லாம் இரண்டோடு நிறுத்திவிட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக் கொட்டகையில் அத்தனை பேர் முன்னால் என் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "மூணும் ஒழுங்கா முடிச்சது இந்த ஒரு ஆளுதான். உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து இங்கே என் பெயர் 'மூணு ஊசி'. நம் ஊரில் இருந்த பெயருக்கு இது எவ்வளவோ மேல்.

கூடாரத்துக்கு ஒரு கறுப்பு நாய் வருகிறது. நம் ஊர்க் கறுப்பு நாய்களுக்கு வைக்கிற காரோவ் என்ற பெயரையே வைத்திருக்கிறேன். எலும்பு போட்டால் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருக்கும். அம்மாவிடம் சொல், அவளுக்குச் சிரிப்பு வரும்.

ஓப்ரென்


யாசெனிக்,
11 ஆகஸ்ட் 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உன் நலம் பற்றி அம்மா தினமும் கேட்கிறாள், நானும் பழைய கடிதத்தையே திரும்பப் படித்து ஒப்பேற்றுகிறேன்.

உட்கார்ந்துகொண்டு படி. எனக்குக் கல்யாணம், செப்டம்பர் பதினைந்து. பெண் யாரென்று நீயே கண்டுபிடித்திருப்பாய். நான் ஓப்ரென் இல்லை, ஓப்ரெனின் தம்பி என்று சொன்ன அன்று தோப்ரிலா செருப்பைக் கழற்றி என் மேல் எறிந்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். செருப்பு எனக்குப் புரிந்தது, அழுகை அப்போது புரியவில்லை. புத்தகத்தில் அவள் கையெழுத்து இருக்கிறது. புதிதாக வந்திருக்கிற பெரிய டாக்டர் ரொம்பக் கறார். தெரிந்தால் வேலை போய்விடும், வழக்குகூட வரலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் சம்மதித்தாள்.

பெண்ணை அவள் வீட்டிலிருந்து கைபிடித்துக் கூட்டி வர நீ இல்லையே என்பதுதான் என் குறை. மாப்பிள்ளையின் அண்ணன் இருக்கும்போது வேறு யார் அதைச் செய்வது? பெரியப்பா மகன் ராத்தோமிர் உன் பெயரில் நிற்கிறான். நான் உன் பெயரில் நின்றேன், இப்போது அவன் நிற்கிறான். நம் குடும்பத்தில் உனக்குத்தான் ஆள் பஞ்சமே இல்லை.

தம்பி
மிலிசாவ்


சாம்பியா முகாம்,
26 ஆகஸ்ட் 1985

மிலிசாவுக்கு,

உன் கல்யாணச் செய்தி முந்தாநாள் வந்தது. சந்தோஷத்தில் கூடாரம் முழுக்கப் பிளம் சாராயம் ஊற்றினேன். அம்மாவுக்கான தாளில் அதையெல்லாம் எழுதியிருக்கிறேன். இந்தத் தாளை அவளுக்குப் படிக்காதே.

போன வியாழக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, காரோவ் என்னைக் கடித்துவிட்டது. எலும்பு வைக்கக் குனிந்தபோது கையைப் பிடித்தது, விடவில்லை. வலது உள்ளங்கை கிழிந்துவிட்டது. வாயில் நுரை இருந்தது. சுட்டுவிட்டார்கள். டாக்டர் சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினார். பிறகு என் மஞ்சள் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "மூணும் போட்டிருக்கீங்க, அதனால இன்னும் ரெண்டு போதும்" என்றார். இரண்டும் போட்டாகிவிட்டது. கூரையைப் பார்த்துக்கொண்டே போட்டுக்கொண்டேன், விழவில்லை.

முன்னால் போடாதவனாக இருந்தால் ஐந்து ஊசியாம், கூடவே காயத்தைச் சுற்றிப் போடுகிற தனி மருந்து ஒன்றாம். அது இங்கே இல்லை. தலைநகரிலிருந்து சின்ன விமானத்தில் வரவழைக்க வேண்டும், ஒரு நாளில் வந்துவிடும். எனக்கு அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. தோப்ரிலாவைக் கேட்டு எழுது. என்னைப் போன்றவனுக்கு இந்த இரண்டு போதுமா? போதாது என்றால் ஒரு வரி எழுது, போய்ச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் கூடாரம் என் கூடாரத்திலிருந்து முப்பது காலடிதான். தந்தி வேண்டாம், இங்கே தந்தியை அலுவலகத்தில் எல்லோரும் படிப்பார்கள்.

கை ஆறிக்கொண்டு வருகிறது. கவலைப்படாதே.

ஓப்ரென்


யாசெனிக்,
17 செப்டம்பர் 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் கை முழுக்க ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மழை வரும்போல இருந்தது, வரவில்லை. ராத்தோமிர் உன் கடமையைச் செய்கிறேன் என்று உன் பங்குச் சாராயத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டு, பெண்ணின் கையை விட மாட்டேன் என்று அடம்பிடித்தான். பிரித்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அம்மா உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. அதன் முன்னால் தட்டும் கோப்பையும் வைத்து, ஒவ்வொரு முறையும் அதற்கும் ஊற்றச் சொன்னாள்.

உன் கடிதம் கல்யாணக் களேபரத்தில் வந்தது, அதனால்தான் பதில் தாமதம். தோப்ரிலாவிடம் கேட்டேன். ஐந்தையும் போட்டுக்கொள்வது நல்லது என்கிறாள், அந்தத் தனி மருந்தும். டாக்டரிடம் போய், மனசுக்குப் பயமாக இருக்கிறது, எல்லாவற்றையும் போடுங்கள் என்று கேள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் எந்த டாக்டரும் மறுக்க மாட்டார். நீயே யோசித்து, எது நல்லதோ அதைச் செய். நீ எப்போதும் சரியாகத்தான் செய்வாய்.

அம்மா முத்தம் அனுப்புகிறாள். தோப்ரிலா மைத்துனருக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

தம்பி
மிலிசாவ்


தந்தி
24 செப்டம்பர் 1985

ஓப்ரென், காடு வெட்டும் குழு, சாம்பியா முகாம்.
முந்தைய கடிதத்தை மற. டாக்டரிடம் முழு உண்மையையும் சொல். என் பெயரையும் தோப்ரிலா பெயரையும் சொல். இன்றே. மிலிசாவ்.


சாம்பியா முகாம்,
28 செப்டம்பர் 1985

மிலிசாவுக்கு,

நான் சுகம். தந்தி அனுப்பாதே என்று எழுதியும் அனுப்பினாய். கணக்குப் பிள்ளை என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறான், ஏதோ பொம்பளை விவகாரம் என்று நினைத்துக்கொண்டான். அதுவும் நல்லதுதான்.

சொல்லிவிட்டேன். டாக்டர் நேவென்கா காய்ச்சி எடுத்தார், ஆனால் விஷயத்தை வெளியே விடவில்லை, நல்ல மனுஷி. விமானத்தில் அந்த மருந்து வந்தது, ஐந்து ஊசியும் கணக்காகப் போட்டாகிறது. யாருடைய பெயரும் காகிதத்தில் ஏறாது. நீயும் உன் பெண்டாட்டியும் நிம்மதியாகத் தூங்குங்கள். தோப்ரிலாவிடம் சொல், அவள் மைத்துனன் இப்போது ஊசிக்குப் பயப்படுவதில்லை.

உன் தந்தியும் கடிதமும் அடுத்தடுத்து வந்தன. கல்யாணச் சேதியைத்தான் நாலு தரம் படித்தேன். அம்மா என் கோப்பைக்கு ஊற்றியதைக் குடித்தது யார்?

ஓப்ரென்


யாசெனிக்,
14 அக்டோபர் 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நீ சுகம் என்று படித்ததும் தோப்ரிலா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னால் உன் முகத்தில் விழிக்க முடியாது. நாய் கடித்தது என்று நீ எழுதிய கடிதம் களேபரத்தில் வரவில்லை. கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்பே, ஒன்பதாம் தேதி வந்தது. தபால்காரன் கையிலிருந்து நானே வாங்கினேன். படித்தேன். மடித்துக் கல்யாணக் கோட்டுப் பையில் வைத்தேன். சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். உன்னைச் சொல்ல விட்டால் அவள் மாட்டிக்கொள்வாள் என்று பயந்தேன். எட்டு நாள் அது பையிலேயே இருந்தது. சர்ச்சில் மோதிரம் மாற்றும்போதும் நெஞ்சுக்கு நேரே இருந்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதியது அவள் இல்லை, நான். அவளைக் கேட்டேன் என்று எழுதியதும் பொய், உன் கடிதத்தை அவளிடம் காட்டியதே இருபத்திமூன்றாம் தேதிதான். படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மறுநாள் தபாலாபீசுக்கு அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

வந்து இரண்டு அறை கொடு. வாங்கிக்கொள்கிறேன். மாத முடிவில் நம் வீட்டுப் புனிதரின் நாள் வருகிறது, ரொட்டி வெட்டும்போது உன் பெயரைச் சொல்லி முதலில் வெட்டுகிறோம்.

தம்பி
மிலிசாவ்


சாம்பியா முகாம்,
2 நவம்பர் 1985

மதிப்புக்குரிய மிலிசாவ் அவர்களுக்கு,

உங்கள் தாயாருக்கும் உங்களுக்கும் என் ஆழ்ந்த இரங்கல். கம்பெனியின் தந்தியும், பிறகு துத்தநாகச் சவப்பெட்டியும் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். பெட்டியைத் திறக்க அனுமதித்திருக்க மாட்டார்கள். ஆகவே அவருடன் இருந்தவள் என்ற முறையில் எழுதுவது என் கடமை.

அக்டோபர் எட்டாம் தேதி மாலை உங்கள் அண்ணன் என்னிடம் வந்தார். கை குடைகிறது, தண்ணீர் இறங்கவில்லை என்றார். கோப்பையை நீட்டினேன். அதைப் பார்த்ததுமே அவர் தொண்டை இழுத்துக்கொண்டது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பதினோராம் தேதி மதியம் முடிந்தது. வலி தெரியாமல் இருக்க என்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தேன். நினைவு இருந்த கடைசி நேரத்தில் அவரே சட்டைக் கையை மடித்து நீட்டி, "எத்தன ஊசி வேணும்னாலும் போடுங்க டாக்டர்" என்றார். போடுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

மூன்று ஊசியும் முடித்து, கடித்த பிறகும் இரண்டு போட்டுக்கொண்ட ஒருவர் இப்படி இறந்ததை நான் கேள்விப்பட்டதே இல்லை. புத்தகத்தை நம்பி அந்தத் தனி மருந்தை நான் வரவழைக்கவில்லை. ஒரு நாளில் வந்திருக்கும். என் முடிவு அது, நான்தான் பதில் சொல்ல வேண்டும். விசாரணை நடக்கிறது. உங்கள் ஊரில் போட்ட மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்றும் சந்தேகிக்கிறார்கள். அதே தொகுதியிலிருந்து வேறு பலருக்கும் போட்டிருப்பார்களே என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஊசி போட்ட நாட்களைப் பற்றி அவர் உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

அவர் இறந்த பிறகு வந்த உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். அவருடைய மஞ்சள் புத்தகத்துக்குள் உங்கள் பெயர் எழுதி ஒட்டிய ஓர் உறை இருந்தது. அதையும் பிரிக்கவில்லை.

டாக்டர் நேவென்கா


(ஒட்டிய உறையில் இருந்தது)

8 அக்டோபர்

மிலிசாவ்,

நீங்கள் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், அப்படி எழுதக் கை வரவில்லை. அதனால் நேராகச் சொல்கிறேன்.

நான் சொல்லவில்லை. முந்தைய கடிதத்தில் எழுதியது பொய். தந்தி வந்த அன்று போனேன், முப்பது காலடியையும் நடந்தேன். டாக்டர் இரண்டு டிரைவர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்க மூணு ஊசி" என்றார். அவர்கள் சிரித்தார்கள். தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். கை ஆறிவிட்டதே, இனிமேல் என்ன என்றும் நினைத்தேன்.

காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியை நன்றாகப் படித்தேன். உன் மேல் கோபம் இல்லை. கோபம் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை, இரண்டு நாள் இருந்தது, பிறகு போய்விட்டது. உன்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதே. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

காலையிலிருந்து காப்பி இறங்கவில்லை. இப்போது டாக்டரிடம் போகிறேன். அம்மாவுக்கு வேறு ஏதாவது சொல்.


யாசெனிக்,
20 நவம்பர் 1985

மதிப்புக்குரிய டாக்டர் நேவென்கா அம்மாளுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். இன்று என் அண்ணனுக்கு நாற்பதாவது நாள். கல்லறையில் கோதுமைப் படையலும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

உங்கள் மேல் தவறு இல்லை. மருந்தும் கெட்டுப்போகவில்லை. அதே தொகுதியில் போட்டுக்கொண்டவர்கள் பயப்பட வேண்டாம். மே ஒன்பது, மே பதினாறு, ஜூன் ஆறு, மூன்று வியாழனும் ஓப்ரென் என்ற பெயருக்கு எழுந்து போனவன் நான். அவன் ஊசிக்குப் பயந்தவன். புத்தகம் அவனுடையது, கை என்னுடையது. சந்தேகம் இருந்தால் என் ரத்தத்தை எடுத்துச் சோதிக்கட்டும்.

நாய் கடித்ததும் அவன் எனக்கு எழுதினான், சொல்லட்டுமா என்று கேட்டான். நான் எட்டு நாள் பதில் போடவில்லை. போட்டபோதும் காரணம் சொல்ல வேண்டாம் என்று எழுதினேன். அந்த நர்ஸ் இப்போது என் மனைவி. அவளுக்கு ஆபத்து வரக் கூடாது என்று பார்த்தேன். அவள் நேற்று தானே பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாள். ஊசி போட்ட அன்று அவளுக்கு ஒன்றும் தெரியாது, அதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் திருப்பி அனுப்பிய என் கடிதத்தையும் அண்ணனின் கடைசிக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். விசாரணையில் காட்டுங்கள்.

இன்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஊசிக்குப் பயந்தவன்னு ஊரே சிரிச்சீங்களே, எம் பெரியவன் மூணும் போட்டுக்கிட்டுத்தான் போனான்." அவளுக்கு எழுத்துப் படிக்கக் கண் தெரியாது, எல்லாக் கடிதத்தையும் நான்தான் படித்துக் காட்டுவேன். இத்தனை மாதமும் சிலதை விட்டுவிட்டுத்தான் படித்தேன். இந்த உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதில் உள்ள எல்லாவற்றையும் அவளுக்குப் படிக்கப் போகிறேன்.

இப்படிக்கு
மிலிசாவ்

பின்குறிப்பு: படித்துவிட்டேன், ஒரு வரியும் விடவில்லை. அம்மா என்னைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். என் இடது சட்டைக் கையை அவளே மேலே ஏற்றினாள். "எங்கடா போட்டாங்க?" என்றாள். காட்டினேன். விரலால் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். இன்னும் கையை விடவில்லை. மற்றக் கையால் இதை எழுதுகிறேன்.